தாராவுக்கு ஒரு துவக்கு

சீமோன் அண்ணை ஸ்காபரோவில் தும்மினால் பக்கத்து நகரமான மார்க்கத்தில் பனி கொட்டும். அவ்வளவு பெரிய மூக்கு. மூக்கு முதலில் விமானத்தில் வந்திறங்கியதாகவும், ஆள் பிறகுதான் வந்து சேர்ந்ததாகவும் நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அண்ணை கோபிக்க மாட்டார்.

மன்னாரில் கடலுக்குப் போனவர். இங்கே கார் சீற் தைக்கிற கொம்பனியில் பின்னேர ஷிப்ற். கனடாவில் ஓடுகிற பாதிக் கார்களில் ஆட்கள் குந்தியிருப்பது தான் தைத்த சீற்றில்தான் என்பார். மற்றப் பாதியும் அவருடையதுதான் என்று நான் சொன்னேன். அதையும் மறுக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டில் மார்க்கத்தில் வீடு வாங்கினார். பின்னால் சோளக்காடு. முன்னால் ஒரு பெரிய மரக் கதவு. அந்தக் கதவைத் துடைத்துத் துடைத்தே பாதியாகத் தேய்த்துவிட்டார்.

"அண்ணை, கதவுக்குப் பின்னால வீடொண்டும் கிடக்கு. அதையும் ஒருக்கா எட்டிப் பாருங்கோ."

"போடா அல்பேட். இது எங்கட சொந்தக் கதவு. உனக்கு விளங்காது."

சொந்தக் கதவுதான். ஆனால் யாராவது தட்டினால் அவர் திறக்க மாட்டார். குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவார். அவருடைய மனைவி கிளடிஸ் அக்கா கதவடிக்கு வந்து, ஆர் என்று கேட்க முதலே, "அவர் வீட்டில இல்லை" என்பார். என் குரலைக் கேட்ட பிறகுதான் திறப்பார். உள்ளே தண்ணீர் ஆறாய் ஓடும். "அண்ணை ஒரு நாளைக்கு ஒன்பது தரம் குளிக்கிறார், ஒன்ராறியோ ஏரி வத்தப்போகுது" என்று நான் பகிடி விடுவேன்.

காரணம் தெரிந்துதான் பகிடி விட்டேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மன்னாரில் துவக்கோடு ஆமிக்காரர் கதவைத் தட்டினால், ஆம்பிளைகள் ஒளிய, பொம்பிளைகள் போய்த் திறப்பார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். அன்றைக்கும் அக்கா அண்ணையைப் பின்பக்கத்தால் தள்ளிவிட்டுத்தான் கதவைத் திறந்தார். "அவர் வீட்டில இல்லை" என்றார். ஒரே மகன் றொய்சன் காய்ச்சலில் கிடந்தான். ஓட ஏலாது. பத்தொன்பது வயது. வந்தவர்கள் அவனைக் கொண்டுபோனார்கள். அண்ணை வலைக் குவியலுக்குக் கீழே கிடந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மகன் திரும்பி வரவில்லை.

வீடு வாங்கி அடுத்த வருடம், புரட்டாதி மாதம், இரண்டு பேரும் ஞாயிறு பூசைக்குப் போன நேரம் கள்ளர் புகுந்தார்கள். எங்கள் ஆட்கள் நகையை அலுமாரிக்குள் வைப்பதும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதும் கள்ளருக்குச் சுவாமியாரைவிட நன்றாகத் தெரியும். அக்கா நகைக்கு அழவில்லை. உடைந்து தொங்கிய கதவைக் கண்டதும் படியிலேயே இருந்துவிட்டார்.

அதன் பிறகு அவர் வீட்டில் தனியே இருக்க மாட்டேன் என்றுவிட்டார். அண்ணை ஷிப்றுக்குப் போனால் கூடவே போவார். கொம்பனிக்கு எதிரே இருக்கிற கோப்பிக் கடையில், ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, அவர் வேலை முடிந்து வரும்வரை இருப்பார்.

"அக்கா, கடையை விக்கேக்கை மேசை கதிரையோட உங்களையும் சேர்த்து வித்துப்போடுவாங்கள்" என்றேன்.

அக்கா சிரித்தார். கை மட்டும் செபமாலையை விடவில்லை.

குளிர் தொடங்கியது. ஒரு நாள் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"அல்பேட், துவக்கொண்டு வாங்கப்போறன்."

"ஆரைச் சுட?"

"ஒருத்தரையும் இல்லை. கையில ஒண்டு இருந்தா நான் கதவடியில நிப்பன். அவளும் நம்பி வீட்டில இருப்பாள்."

கனடாவில் கள்ளனுக்கு என்று சொன்னால் துவக்குத் தரமாட்டார்கள், தாராவுக்கு என்று சொல்லுங்கோ என்று நான்தான் புத்தி சொன்னேன். அந்த மாதம் வெள்ளைக்காரர் காட்டு வாத்து, தாரா என்று சுடப் போகிற மாதம். பொலிஸில் பேர்மிற் எடுக்க முதல், எது தோதென்று பார்த்து வரலாம் என்று என்னுடைய கொரோலாவில் வடக்கே ஒரு கடைக்குப் போனோம். அக்காவும் வந்தார். அவரும் தூக்கக்கூடிய பாரமாக இருக்கவேண்டும் என்பது அண்ணையின் எண்ணம். வழி முழுக்க அக்கா செபமாலையை உருட்டினார்.

கடை முழுக்கத் துவக்கு. உலகத்துத் தாராக்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து வந்தாலும் போதும். கடைக்காரன் நல்ல பெடியன். தாரா என்றதும் ஒரு நீட்டுத் துவக்கை எடுத்து வைத்தான். உயரப் பறக்கிறதற்கு நீளக் குழாய் வேண்டுமாம்.

அண்ணை அதைத் தூக்கிப் பார்த்தார். துவக்கு அவரைவிட உயரம். "கட்டையா ஒண்டு கேள். வீட்டு நடைக்குள்ள இது திரும்பாது."

"அண்ணை, தாரா என்னெண்டு நடைக்குள்ள வரும்?"

"கேளடா!"

எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன். அவன் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரிப் பார்த்தான். ஆனாலும் கட்டையும் பாரம் குறைந்ததுமாக ஒன்றை எடுத்தான். எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக, குழாய்க்குக் கீழே இருந்த பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினான்.

கிறிக்-கிறக்.

அக்கா ஒரு கையால் அண்ணையைப் பின்னுக்குத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் அவர் என் மேல் வந்து விழுந்தார். மற்றக் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, அக்கா அந்த வெள்ளைக்காரப் பெடியனைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்.

"மாத்தையா, அப்பி மொக்குத் தன்னே நே."

ஐயா, எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான்.

பெடியன் வெளிறிப்போனான். துவக்கைத் திறந்து உள்ளே வெறுமை என்று காட்டினான். மன்னிக்கச் சொன்னான். அக்கா கையை இறக்கவில்லை. எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

அண்ணை மெல்ல எழும்பி வந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

"அதை வை தம்பி" என்று பெடியனிடம் தமிழில் சொன்னார். அது அவனுக்கு விளங்கியது.

திரும்பி வரும்போது காருக்குள் அண்ணை சொன்னார், "இனிக் கதவை நான் திறக்கிறன்."

"வெறுங்கையோடயோ?"

"ஓம். அண்டைக்கும் வெறுங்கையோட நிண்டிருக்கலாம்."

"நிண்டிருந்தா உங்களையும் கொண்டுபோயிருப்பாங்கள்."

"கொண்டுபோகட்டும். எங்கட பெடியன் தனியப் போயிருக்கமாட்டான்."

அக்கா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் றோட்டைப் பார்த்து ஓட்டினேன். றோட்டுத் தெரியவில்லை.

இருட்டுகிற நேரம் வீட்டில் நிற்கவேண்டும் என்று அண்ணை காலை ஷிப்றுக்கு மாறினார். அந்த ஷிப்றுக்காகக் கொம்பனி போர்மனிடம் அவர் கெஞ்சியதில் கல்லும் கரைந்திருக்கும். அன்றிலிருந்து கதவு தட்டினால் அவர்தான் திறந்தார். வேதம் சொல்ல வருகிறவர்களுக்கும் திறந்தார், வக்கும் கிளீனர் விற்க வருகிறவர்களுக்கும் திறந்தார். பிள்ளைகள் வேசம் கட்டி இனிப்புக்கு வருகிற ஹலோவீனுக்கு நானும் அங்கே இருந்தேன். பச்சை உடுப்போடும் பிளாஸ்ரிக் துவக்கோடும் ஒரு குட்டிப் பையன் வந்து நின்றான். அண்ணை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் அவர் விலகவில்லை. பையை நிரப்பி இனிப்புப் போட்டுவிட்டு, "பார்த்துப் போ அப்பன்" என்றார். நடையில் நின்று அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பிக் கடைக்கு அவர் பிறகு போகவில்லை.

மூன்று வருடம் அப்படி ஓடியது. மாரடைப்பில் அண்ணை போனார். பெட்டியில் கிடக்கும்போதும் மூக்குத்தான் முதலில் தெரிந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வந்தது. ஆனால் சிரிக்கிற ஆள் அவர் ஒருவர்தானே.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு, ஒரு பின்னேரம் பாணும் மீன்குழம்பும் கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். காலடிச் சத்தம் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கத்தில் நின்றது. திறக்கவில்லை.

"அக்கா, நான் அல்பேட்."

என் குரல் அவருக்குத் தெரியும். ஆனாலும் கதவு அசையவில்லை.

"அவர் வீட்டில இல்லை" என்றார் அக்கா.

உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் இல்லை. சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணை துடைத்துத் துடைத்துத் தேய்த்த அந்தக் கதவுக்கு முன்னால், படியிலேயே குந்தினேன். அக்காவும் கதவுக்குப் பின்னால் நிலத்தில் இருந்தது எனக்குக் கேட்டது.