இடப்பக்கம் இல்லாத அடுக்கு

மகள் இங்குன் காலை ஒன்பது மணிக்குப் போன் செய்து மரம் வேண்டாம் என்றாள். ஒன்பதேகாலுக்குத் தாய் தோர்டிஸ் போன் செய்து மரம் வேண்டும் என்றாள். மரம் விற்கும் ஹல்ஸ்டைன் இரண்டு பேருக்கும் சரி சரி என்று சொல்லிவிட்டு, பத்தரைக்கு லாரியைத் தோர்டிஸின் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

மார்ச் கடைசி. க்ளோமா ஆற்றில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை. லாரியின் இரும்புக் கை மூன்று மீட்டர் நீளமுள்ள பிர்ச் மரத் தடிகளைக் கொத்துக் கொத்தாக அள்ளி இறக்கியது. மரத்தில் சாறு ஏறுவதற்கு முன் வெட்டியவை. நல்ல சரக்கு.

"உன் பொண்ணு வேண்டாம்னுச்சே அக்கா."

"அவ இருக்கிறது ஹாமர் டவுன்ல, ஹீட்டர் போட்ட ஃபிளாட்ல. அவளுக்கு எதுக்கு விறகு?"

"என்னைத் திட்டுவா."

"திட்டட்டும். அறுபது வயசாகுது உனக்கு, வாங்கிக்கோ. இன்னும் ரெண்டு கொத்து லாரியிலயே இருக்கு, இறக்கு."

தோர்டிஸுக்கு எழுபத்துநான்கு வயது. சர்ச்சை ஒட்டிய முதியோர் இல்லத்தில் முப்பத்தோரு வருடம் பராமரிப்பு வேலை பார்த்தவள். போன நவம்பரில் அவளுக்கே பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டன. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் பலருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போனது ஒன்றுதான்: உலகத்தின் இடது பாதி. கண்ணில் கோளாறில்லை. மூளை அந்தப் பக்கம் ஒன்று இருப்பதையே மறந்துவிட்டது. தட்டில் வலது பாதியில் இருந்த மீன் உருண்டைகளைத் தின்று முடித்துவிட்டு, உருளைக்கிழங்கு வைக்கவே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சண்டை போட்டாள். கிழங்கு இடது பாதியில் ஆறிக் கிடந்தது.

இதைப் பார்த்த நாள்முதல் இங்குன் கைப்பையில் ஒரு விண்ணப்பத்தோடு அலைந்தாள். அதே முதியோர் இல்லத்தில் ஓர் அறைக்கான விண்ணப்பம். தோர்டிஸ் கையெழுத்துப் போட்டால் போதும். அவள் போடவில்லை. அந்த இல்லத்தில் எந்த ஜன்னல் திறக்காது, எந்த அறைக்குச் சூப்பு ஆறித்தான் போய்ச் சேரும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் வீட்டில் இருக்கவேண்டும் என்றால் குளிரை விரட்டவேண்டும். வீட்டில் இருந்தது விறகு அடுப்பு ஒன்றுதான். ஆகவே விறகு.

ஹல்ஸ்டைன் இரண்டு நாள் வந்து தடிகளை அறுத்து இயந்திரத்தில் பிளந்து குவித்தான். மோட்டார் ரம்பத்தைத் தான் தொடக்கூடாது என்பதைத் தோர்டிஸ் தகராறு செய்யாமல் ஒப்புக்கொண்டாள். ஒரு பக்கம் தெரியாதவள் கையில் ரம்பம் எதற்கு? அடுக்குவதை மட்டும் யாரும் தொடக்கூடாது என்றாள்.

அந்தப் பள்ளத்தாக்கில் விறகைச் சுவரோரம் நீளமாக, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல அடுக்குவார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் காரின் வேகத்தைக் குறைத்து அடுக்கைப் பார்ப்பார்கள். வீட்டுக்காரரைப் பற்றி அதிலேயே முடிவு கட்டிவிடுவார்கள். தோர்டிஸ் பத்து நாளில் அடுக்கி முடித்தாள். அவள் கண்ணுக்கு அது பிரமாதமாக இருந்தது. மூன்றாம் நாள் சரிந்தது.

மகள்தான் தள்ளிவிட்டாள் என்று முதலில் சந்தேகப்பட்டாள். மகளோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாள். மறுபடி அடுக்கினாள். மறுபடி சரிந்தது.

"உன் அடுக்கு குடிச்சிட்டு நிக்குதுக்கா," என்றான் ஹல்ஸ்டைன். "வலது முனை சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நிக்குது. இடது முனையில முட்டுக் குடுக்கக் குறுக்குக் கட்டை ஒண்ணுகூட வைக்கல நீ."

"வெச்சேன்."

"எங்க? கைய வெச்சுக் காட்டு பாப்போம்."

அவள் போனாள். தடவினாள். அப்படி ஒரு முனை இருப்பது கையால் தொட்டபிறகுதான் தெரிந்தது. கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரமே இங்குன் வந்தாள். அவள் எழுதிப்போட்டதன்பேரில் ஊராட்சியிலிருந்து சிலியே என்ற பெண்ணும் வந்தாள். தனியாக வாழ முடியுமா என்று பார்த்து அறிக்கை எழுதுபவள், முப்பது வயது இருக்கும். இங்குன் சரிந்த அடுக்கை நாலு கோணத்தில் படம் பிடித்தாள்.

"அம்மா, இது உன் மேல விழுந்திருந்தா?"

"என் மேல விழல. அது பாட்டுக்கு விழுந்துச்சு."

"இன்னைக்கு விறகு. நாளைக்கு அடுப்புலேருந்து கங்கு விழும். அதுவும் இடது பக்கமா விழுந்தா என்ன செய்வே?"

சிலியே மெல்லச் சொன்னாள்: "தோர்டிஸம்மா, யாரும் உங்களை வற்புறுத்த முடியாது. ஆனா உங்களுக்கு எது தெரியாம போகுதுன்னு உங்களுக்கே தெரியாது. பயமே அதுதான்."

"நான் இதே வசனத்தை நூறு பேர்கிட்டச் சொல்லியிருக்கேன் பொண்ணே. உன்னைவிட நல்லாச் சொல்வேன்." பிறகு மகளைப் பார்த்தாள். "ஜூன் இருபத்துமூணு வரைக்கும் டயம் குடு. அன்னைக்கு அடுக்கு நின்னா நானும் இங்க நிப்பேன். விழுந்தா உன் காகிதத்துல கையெழுத்து."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. ஆனால் அவள் சொன்னதைத் திரும்ப வாங்குகிறவள் இல்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டில் கேரட் இல்லை. வேகவைத்தது நினைவிருந்தது. இல்லத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு அவள் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திருப்பு. திருப்பினாள். கேரட் வலப்பக்கம் வந்து நின்றது. மென்றுகொண்டே ஜன்னல் வழியாக விறகுக் குவியலைப் பார்த்தாள். முட்கரண்டியைக் கீழே வைத்தாள். அடுக்கைத் திருப்ப முடியாது. ஆனால் ஆள் சுற்றலாம்.

அன்று சாயங்காலமே முற்றத்து நடுவில் ஒரு கழியை நட்டு, கயிறு கட்டி, மண்ணில் வட்டம் கீறினாள். மழைநீர் தேங்காமலிருக்கச் சரளை பரப்பினாள். பிளந்த கட்டைகளைச் சக்கரத்தின் ஆரக்கால்போல வட்டமாக வைத்தாள். வெளிமுனை உயர்ந்து உள்ளே சாயும்படி, ஓரத்தில் குறுக்குக் கட்டைகள். நடுவில் கோணல்மாணலானதையெல்லாம் கொட்டினாள். அடுக்குக்கு நேராக முகம் காட்டி நிற்கவே இல்லை. அதை வலத்தோளோடு வைத்துக்கொண்டு நடந்தாள். வலம் வந்தாள், அவ்வளவுதான். இந்தச் சுற்றில் விட்டுப்போனது அடுத்த சுற்றில் வலக்கைப் பக்கமே வந்து நின்றது. வட்டத்துக்கு இடது முனையும் இல்லை, வலது முனையும் இல்லை.

இருபது நாள் ஆனது. முதுகு வலித்தது, வலிக்கும் என்று தெரிந்ததுதான். கடைசியாக மரப்பட்டை மேலே இருக்கும்படி கட்டைகளை வைத்துக் கூரை வேய்ந்தாள். நடுக் கழி வெளியே தலைகாட்டிய இடத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டாள்.

ஹல்ஸ்டைன் வந்து ஒரு சுற்றுச் சுற்றினான். "இது என்னக்கா, வைக்கோல் போரா? ஆஸ்லோக்காரங்க கோடை வீட்டுல அழகுக்கு வைக்கிற மாதிரி இருக்கு. ஊரே சிரிக்குது."

"சிரிக்கிறவனை வந்து முட்டித் தள்ளச் சொல்லு."

அவன் தோள் கொடுத்து முட்டினான். பிறகு தோளைத் தேய்த்துக்கொண்டே காபி கேட்டான்.

ஜூன் இருபத்துமூன்று. ஊர் ஆற்றங்கரையில் தீ மூட்டும் நாள். இங்குன் காரைவிட்டு இறங்கியதும் அடுக்கிடம்தான் போனாள். சிவப்புக் கோட்டுக்கும் விறகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"அம்மா, இதுவும் இறங்குது. விழப்போகுது."

"எந்தப் பக்கமா விழப்போகுது? சொல்லு."

இங்குன் சுற்றி வந்தாள். பக்கம் எதுவும் அகப்படவில்லை. எல்லா இடத்திலும் அதே ஒரு சாண்.

"விழுறதுன்னா ஒரு பக்கமா விழும். இது காயுது. காஞ்சா சுருங்கும், நேரா உக்காரும். அதுக்குத்தான் கோடு."

இங்குன் ஒரு கட்டையை உருவி இன்னொன்றில் தட்டிப் பார்த்தாள். காய்ந்த கட்டைக்கே உரிய சத்தம், கணீரென்றது. அதை உருவிய இடத்திலேயே திரும்பச் செருகினாள். "அந்தக் கங்கு, அம்மா."

"அடுப்பைச் சுத்தியும் நடந்துக்கலாம். முன்னால தகரம் விரிச்சிருக்கேன், போய்ப் பாரு."

அவள் போய்ப் பார்த்தாள். தகரம் அகலமாகத்தான் இருந்தது. ஆனாலும் மேசையில் வாஃபிளும் புளிப்புப் பாலேடும் வைத்தபோது, தாயின் தட்டுக்குப் பக்கத்தில் அந்த விண்ணப்பத்தையும் பேனாவையும் வைத்தாள். பழக்கம்.

தோர்டிஸ் வாஃபிள் தின்றாள். தட்டைத் திருப்பினாள். மீதியையும் தின்றாள்.

"அம்மா, அந்தக் காகிதம்."

"எந்தக் காகிதம்?"

"உன் இடப்பக்கம் இருக்கே."

"அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நீதானே ஊராட்சிக்கு எழுதிக் குடுத்தே," என்றாள் தோர்டிஸ். பிறகு வலக்கையை நீட்டிப் போனை எடுத்து ஹல்ஸ்டைனைக் கூப்பிட்டு, அடுத்த மார்ச்சுக்கும் ஒரு லாரி தடி எழுதிக்கொள்ளச் சொன்னாள்.