பின்னாடி கேக்குதா?

பற்றவைத்த கம்பியில் புகை அடங்கும் முன்பே மைக்கை வாயருகே கொண்டுபோய், “பின்னாடி கேக்குதா?” என்கிறார் மைக் மாமா. கடைக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு கணம் காத்திருந்துவிட்டுத்தான் மைக்கைத் துணியில் சுற்றுகிறார்.

மிக்சி, மின்விசிறி, வானொலி என்று எது வந்தாலும் பிரித்துப் பார்க்கும் சின்னக் கடை. தெருவில் நடக்கும்போது இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருப்பார். “ஹாரன் அடிச்சே கொன்னுடுவானுங்க. இது சோறு போடுற காதுப்பா.” எதிரில் வருகிறவர் வணக்கம் சொன்னால் ஒரு பக்கப் பஞ்சை மட்டும் எடுப்பார். பிடித்தவர் என்றால் இரண்டையும் எடுப்பார். இப்போதெல்லாம் தெருவில் யாருக்காகவும் பஞ்சை எடுக்கவேண்டிய தேவை வருவதில்லை.

கடை பிழைப்புக்கு, உயிர் இருந்ததெல்லாம் மண்டபத்தில். பிழைக்க வந்த ஊரில் எங்கள் ஆட்கள் காசு போட்டுக் கட்டிய வழிபாட்டு மண்டபம் அது. வேலைக்குச் சிபாரிசு, வாடகை வீடு, பெண்ணுக்கு மாப்பிள்ளை எல்லாம் அங்கேதான் கிடைக்கும். அதனால் அங்கே யாரும் யாரையும் பகைத்துக்கொள்வதில்லை. அங்கே ஒலிபெருக்கி மாமாவின் பொறுப்பு. வாராவாரம் வழிபாடு தொடங்குமுன் தன் ஒலிக்கருவி மேசையின் மைக்கில், “பின்னாடி கேக்குதா?” என்பார். கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயரும். அதற்குப் பிறகுதான் வேதம்.

அவருடைய ஒரே மகனுக்கு மைக் முன்னால் நிற்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். சிறுவயதில் மண்டபத்தில் முதன்முதலாக வேதம் வாசிக்க நின்றபோது பயத்தில் மைக்கை விழுங்குவதுபோல் நெருங்கிவிட்டான். ஒவ்வொரு எழுத்தும் வெடித்தது. மாமா மேசையிலிருந்து உள்ளங்கையைத் தோளுயரத்துக்குத் தூக்கி, காற்றை மெல்லத் தள்ளிக் காட்டினார். பிள்ளை அரையடி பின்வாங்கினான், குரல் குளிர்ந்தது. “நம்ம பையனுக்கு மைக்கே தேவையில்ல, அவ்வளவு கணீர்னு இருக்கு” என்று அத்தையிடம் வீட்டில் பீற்றிக்கொண்டார்.

அந்தக் குரல்தான் வளர்ந்து பிரசங்க மேடைக்கு வந்தது. இளைஞர்கள் திரண்டார்கள். முதலில் அன்பு, ஒழுக்கம் என்றுதான் பேசினான். பிறகு யார் நம்மவர், யார் இல்லை என்று தொடங்கினான். எதிர்ச்சாரியில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர்கள் நம் வழியை விட்டுப் போனவர்கள்; அவர்களிடம் வாங்குவது பாவம் என்றான். இன்னொரு வாரம், “அவங்க இருக்கிற தெருவுல நமக்கென்ன வாழ்க்கை?” என்று கேட்டான். அன்று சாயங்காலமே ரொட்டிக்கடைக் கண்ணாடியில் கல் விழுந்தது. கல்லாவில் இருந்த கடைக்கார அம்மாவின் கை கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று.

அடுத்த வாரம் மேடையில் மகன், “அந்தக் கல்ல எறிஞ்சது மனுசக் கை இல்ல!” என்று முழங்கினான். அடுத்த சொல் கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

“அப்பா, சத்தம் வரல.”

“வராதுப்பா. நான்தான் குறைச்சேன்.”

மாமா எழுந்து நின்று மேசை மைக்கை எடுத்தார். பழக்கம் விடவில்லை.

“பின்னாடி கேக்குதா?”

ஒரு கையும் உயரவில்லை.

“கேக்காட்டியும் சொல்லிடறேன். அது மனுசக் கைதான். நம்ம பசங்க கை. நானும் இதே வேதத்தக் கேட்டு வளந்தவன்தான். வாராவாரம் உங்க எல்லாருக்கும் முன்னாடி என் காதுலதான் அது விழும். அடுத்தவங்க ரத்தத்த அது எங்கயும் கேக்கல.”

யாரோ, “துரோகி” என்றார்கள். மகன் மேடையிலிருந்து இறங்கி வந்து, அப்பாவின் முன் கையை நீட்டினான், ஒலிபெருக்கி அறைச் சாவிக்காக. மாமா கொடுத்துவிட்டார்.

அந்த வாரமே மகன் தனிக்குடித்தனம் போனான். எங்கள் ஆட்களின் மிக்சிகள் வேறு கடைக்குப் போயின. அத்தை சோற்றைப் போட்டுவிட்டுச் சொல்வாராம்: “மண்டபத்துல சத்தத்தக் குறைச்சீங்க. வீட்டுல சத்தமே இல்லாமப் போச்சு.” மாமா சிரிப்பாராம். அத்தை சிரிக்கமாட்டாராம்.

விஷயம் கேள்விப்பட்டுப் பத்திரிகைக்காரர் ஒருவர் ஆர்வத்தோடு கடைக்கு வந்தார். மாமா அவருக்கு ஸ்டூல் போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார், பேட்டி மட்டும் கொடுக்கவில்லை. “எங்க ஆளுங்க மொத்தமும் இப்படித்தான்னு தலைப்பு போடுவீங்க. அதுவும் ஒரு கல்லுதாங்க.”

“அப்புறம் ஏன் இன்னும் மண்டபம் பக்கமே போய் நிக்கிறீங்க, மாமா?” என்று கேட்டேன்.

“நான் எங்கடா போனேன்? அவங்க வெளிய நிறுத்தினாங்க, நிக்கிறேன். விட்டுட்டுப் போறதுக்கு அது என்ன அவங்க அப்பன் வீட்டு...” என்று தொடங்கியவர், அவர்களில் ஒருவனுக்குத் தானே அப்பன் என்பது நினைவுக்கு வந்தவர்போல் பாதியில் நிறுத்தி, திருகாணி தேடக் குனிந்தார்.

மண்டபத்துக்கு நேர் எதிரே ஒரு பேருந்து நிறுத்தம். வழிபாட்டு நாளில் இரண்டு காதுப் பஞ்சையும் எடுத்துவிட்டு அங்கேதான் நிற்கிறார். வேதம் வாசிக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, நடைபாதையிலேயே கண்மூடிக்கொள்கிறார். பிறகு பிரசங்கம். புது ஆள் மைக்கைச் சரியாக வைக்கவில்லை. மகன் ஆவேசத்தில் நெருங்க நெருங்க, ஒவ்வொரு எழுத்தும் வெடித்து, தெருவைத் தாண்டி வந்து விழுகிறது.

போன வாரம் பார்த்தேன். மாமாவின் வலது உள்ளங்கை தோளுயரத்துக்கு எழுந்து, காற்றை மெல்லத் தள்ளியது. வந்துகொண்டிருந்த பேருந்து, தனக்குத்தான் கை காட்டுகிறார் என்று நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் பார்த்தார், காத்திருந்தார், கதவை மூடிக்கொண்டு போனார்.

கை இறங்கவில்லை.