இலை அச்சிட்ட டப்பா

திருவனந்தபுரத்தில் ஆற்றுகால் பொங்காலை அன்று திவ்யலட்சுமி வேலையை விட்டாள். பஸ் ஓடவில்லை. பெண்கள் பொங்கல் வைக்கத் தெருவை அடைத்த செங்கல் அடுப்புகளுக்கு நடுவே, புகையில் கண் எரிய, கரமனை வீடு வரை நடந்தே வந்தாள். ஊருக்கே லீவு, வெளிநாட்டு ஆர்டர் என்று அவள் கம்பெனிக்கு மட்டும் கிடையாது.

வீடியோ கேம் டிஸ்க் வைக்கும் டப்பாவை வடிவமைப்பது அவள் வேலை. பிளாஸ்டிக்குக்குப் பதிலாக, ஒரே அட்டையை மடித்து, பசைகூட இல்லாமல் ஒன்றைச் செய்தாள். செலவு பாதியானது. பழைய பேப்பரோடு போட்டுவிடலாம்.

மேலாளர் வினய் வலியசாலை அக்ரகாரத்துக்காரர். "மிட்டாய்க்கடைப் பொட்டலம் மாதிரி இருக்கு" என்றார். அவளிடம் சொல்லாமலே அட்டைமேல் பளபளவென்று பிளாஸ்டிக் படலம் ஒட்ட வைத்தார். மூலையில் ஒரு பச்சை இலை, கீழே 'முழுவதும் காகிதம்'. அது உண்மை என்று வடிவமைத்தவள் கையெழுத்துப் போட வேண்டும்.

திவ்யா ஒரு டப்பாவை வீட்டில் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டாள். பொங்காலை நாள் காலையில் அட்டை கூழாகியிருந்தது. படலம் பாம்புச்சட்டை போல முழுசாக மிதந்தது. அதைச் சொட்டச் சொட்டக் கொண்டுபோய் வினய் மேசையில் போட்டாள்.

"இது காகிதமா சார்?"

"வெள்ளைக்காரன் வாளியில முக்கிப் பாத்தா கேம் வாங்கறான்? ஒப்புப் போடு."

"மாட்டேன்."

"பின்னே உங்காத்துல உக்காந்து பால் கவரை அலம்பிக் காயப்போடு. பிளாஸ்டிக் குப்பை சேகரிக்கற ஹரிதகர்ம சேனைக்காரி மாசாமாசம் வந்து எடுத்துண்டு போவா. உன் லட்சியத்துக்கு அது போறும்."

"பால் கவர் தன்னைக் காகிதம்னு சொல்லிக்கறதில்லை சார்."

மற்றவர்கள் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் பக்கத்து வீட்டில் இருக்கும் நான் அதன்பின் வேலையாகச் சுற்றிய ஊர்களில் எல்லாம் ஷாம்பு முதல் செருப்பு வரை அந்த இலை இருந்தது. ஒருத்தரும் அதைச் சுரண்டிப் பார்த்ததில்லை, நான் உட்பட. திரும்பி வந்தபோது திவ்யா இன்னும் வேலை தேடிக்கொண்டிருந்தாள். நேர்காணலுக்குப் போன இடங்களுக்கெல்லாம் வினய் முந்திக்கொண்டு போன் செய்திருந்தார்: "கைவேலை நன்னா இருக்கும். வாய்தான் ஜாஸ்தி."

அவள் கையெழுத்து இல்லாமலே டப்பா கப்பலேறியது.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் வினயிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது.

"நம்ம டப்பாவுக்குப் பசுமை விருது. டிசைனர்னு உன் பேரைத்தான் கொடுத்திருக்கேன். சனிக்கிழமை வந்துடு. மேடையில ஒண்ணும் பேச வேண்டாம். சிரிச்சா போறும்."