ஆடிட்டருக்குப் போன சால்வை

வருமான வரி நோட்டீஸ் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் எனக்கு வந்த முதல் உணர்ச்சி சந்தோஷம். நோட்டீஸ் எனக்கு வந்ததல்ல. அடுகோடி பகுதியில் நான் வேலை செய்துகொடுத்த ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்கு வந்தது. அதன் ஆடிட்டர் சுந்தர் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

நான் எலக்ட்ரிகல் இன்ஜினியர். பழைய அலுவலகக் கட்டடங்களில் கரண்ட் செலவைக் குறைத்துக் கொடுப்பது என் தொழில். அந்தக் கம்பெனியின் சொந்தக் கட்டடத்தில் ஒரு கோடைக்காலம் முழுக்க மொட்டைமாடியில் நின்று சோலார் பேனல் போட்டேன். ஏசி, தண்ணீர் பம்ப் மோட்டார்களுக்கெல்லாம் விஎஃப்டி மாட்டினேன். தேவைக்குத் தக்கபடி மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் கருவி அது. மேற்குப் பக்க ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடியும் போட்டேன். கரண்ட் பில் இறங்கியது. முதலாளி தேவராஜ் பில்லைப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா ஸ்டெல்லா" என்றார். அவ்வளவுதான்.

கணக்கு முடிக்கும்போது சுந்தர் வந்தார். தொழிலில் பயன்படும் பொருளின் தேய்மானத்தை வருடா வருடம் செலவாகக் கழித்துக்கொண்டு மீதி வருமானத்துக்கு வரி கட்டலாம். சாதாரண மெஷினுக்குப் பதினைந்து சதவீதம். சோலாருக்கும், விதிகளில் உள்ள மின்சேமிப்புக் கருவிகளுக்கும் நாற்பது. சுந்தர் என் வேலையை நாற்பதில் போட்டார். அந்த வருட வரி நன்றாகக் குறைந்தது.

ஆயுத பூஜையன்று எல்லோர் முன்னாலும் தேவராஜ் அவருக்குச் சால்வை போர்த்தினார்.

"இந்த பில்டிங்குக்குக் கொட்டின காசுக்கு பலன் காட்டினது நம்ம ஆடிட்டர் சார்தான். சக்கத் மூளை, பிரமாதம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வெயிலில் காய்ந்தது நான். ஏசி அறையில் உட்கார்ந்து கணக்கெழுதியவருக்குச் சால்வை. அன்று சாப்பிட்டது எதுவும் எனக்கு ருசிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் குரலைக் கேட்டாலே எரிச்சலாக இருந்தது.

நோட்டீஸ் வந்த வாரம் சுந்தர் என் அலுவலகத்துக்கே வந்தார். நாற்பது சதவீதத்தில் காட்டியவை என்னென்ன என்று வரி இலாகா கேட்டிருந்தது. இன்ஜினியர் சர்டிஃபிகேட் வேண்டும் என்றார். சோலார், விஎஃப்டி இரண்டும் சரி. அடுத்தது ஜன்னல் கண்ணாடி.

"சார், கண்ணாடியையும் இதுல சேர்த்திருக்கீங்களே?"

"உள்ள ஹீட் வராம தடுக்குதுல்ல மேடம்? அப்ப அதுவும் எனர்ஜி சேவிங்தானே?"

"தடுக்குது. ஆனா அது கருவி இல்ல சார், கட்டடத்தோட பாகம். பில்டிங்குக்கு உள்ள பத்து சதவீதம்தான் வரும்."

"முதலாளிகிட்ட பெருமையா சொல்லிட்டேன் மேடம். நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்."

நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகுதான் எனக்கு உறுத்தியது. நான் மறுப்பது அது தவறு என்பதாலா, அவர் தலைகுனிய வேண்டும் என்பதாலா? காரணம் எதுவானாலும் பதில் மறுப்புதான். என்னை நானே நம்ப முடியவில்லை.

அதனால் அவருக்காக வாதாடுகிறவளைப் போல விதிகளில் உள்ள பட்டியலைத் திரும்பப் படித்தேன். கண்ணாடிக்கு எங்கேயும் இடமில்லை. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. மோட்டார்களில் மின்சாரம் வீணாகாமல் இருக்க நான் மாட்டியிருந்த பவர் ஃபேக்டர் கன்ட்ரோலர்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. சுந்தர் அவற்றைச் சாதாரண மெஷினோடு சேர்த்துப் பதினைந்தில் போட்டிருந்தார். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால், அதற்கும் பாராட்டு அவருக்குத்தான் போகும்.

மறுநாள் காலை போன் செய்து இரண்டையும் சொன்னேன். அவர் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"ரிவைஸ்டு ரிட்டர்ன் போட்டுத் திருத்த இன்னும் டைம் இருக்கு மேடம். கண்ணாடியை நாமளே எடுத்துடலாம், இதைச் சேர்த்துடலாம்" என்றார்.

விஷயத்தைச் சொல்ல நாங்கள் இருவரும் போனபோது தேவராஜ் என்மேல் பாய்ந்தார். "ஏனம்மா இது? கண்ணாடி போட்டது நீ, இப்ப நீயே அது செல்லாதுங்கிறியே?"

நான் பதில் சொல்வதற்குள் சுந்தர் குறுக்கிட்டார். "தப்பு என்னோடது சார். மேடம் சொன்னதுதான் சரி. விட்டுப்போனதைக் கண்டுபிடிச்சதும் அவங்கதான்."

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இலாகா எங்கள் பதிலை ஏற்றுக்கொண்டது. பிறகு ஹெப்பகோடியில் கம்பெனி புதுக் கட்டடம் எடுத்தபோது தேவராஜ் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த வேலையும் நீயே பாரும்மா. ஆடிட்டர் சார் உன் பேரைத்தான் சொன்னாரு."

வேலை கிடைத்தது சந்தோஷம்தான். அவர் சொல்லித்தான் கிடைத்தது என்பது சுருக்கென்று குத்தியது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வேலைக்கான பெயரை இன்னொருவர் வாங்கிக்கொண்டு போவார். பொறாமை வரும், எளிதில் போகாது. அந்த ஆளின் வேலைக்கு நீங்கள் கையெழுத்துப் போட வேண்டி வந்தால், முதலில் அவருக்குச் சாதகமாக என்ன இருக்கிறது என்று தேடுங்கள். பிறகு போடுங்கள். சுந்தரை யாராவது புகழ்ந்தால் எனக்கு இன்றைக்கும் பிடிப்பதில்லை. ஆனால் சர்டிஃபிகேட் வேண்டும்போதெல்லாம் அவர் என்னிடம்தான் வருகிறார்.