ஈரலில் தடவிய வெண்ணெய்

என் வீட்டுக்காரர் பேக்கரியில் கேக் மாஸ்டர். நாள் முழுக்க கிரீம் அடிப்பார். அடித்ததை விரலால் வழித்து நாக்கில் வைப்பார். கேட்டால், "ருசி பாக்காம மாஸ்டர் வேலை பாக்க முடியுமா?" என்பார். ருசி பார்த்துப் பார்த்தே சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. தைத்துத் தைத்து என் கண்தான் போனது.

அவருடைய அக்காவுக்கு, அதாவது நான் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனாருக்கு, நெடுநாளாகச் சர்க்கரை. மாத்திரை போட்டுக்கொண்டு தன் பாட்டுக்கு இருந்தவருக்குத் திடீரென்று வயிறு வீங்கி, கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஈரல் முழுக்கத் தழும்பு, வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பார் என்றார் டாக்டரம்மா. இவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "என்னோடதுல பாதியை எடுத்துக்கோங்க" என்று போய் நின்றார். ரத்த வகை பொருந்தியது. ஸ்கேன்தான் காலை வாரிவிட்டது.

"உங்க ஈரல்லயும் கொழுப்பு ஏறியிருக்கு. இப்ப எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அக்காவுக்கும் சரியா வேலை செய்யாது."

"நான் குடியைத் தொட்டதே இல்லையே டாக்டர்."

டாக்டரம்மா பொறுமைசாலி. குடித்தால்தான் ஈரல் கெடும் என்றில்லையாம். தேவைக்கு மேல் உள்ளே போகிற இனிப்பும் மாவும் கொழுப்பாக மாறி ஈரலிலும் போய் உட்காருமாம். தொப்பை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் அதற்குக் கூட்டாளிகள். பெரும்பாலும் வலிக்காது, வெளியே தெரியாது. அண்ணிக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது. "உங்களுக்கு இன்னும் தழும்பு விழல. எடை குறைஞ்சா கொழுப்பும் குறையும். ஆனா அக்கா ரொம்ப நாள் தாங்க மாட்டாங்க."

அண்ணி படுத்தபடியே சிரித்தார். "ஒரு துண்டு கேட்டா அதுலயும் வெண்ணெய் தடவி வச்சிருக்கியேடா."

அன்றிலிருந்து இவருக்குச் சர்க்கரை போடாத டீ, தட்டில் பாதிக்குக் காய், காலையில் நடை. பசியில் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வாங்கிக் கட்டிக்கொண்டது நான். பேக்கரியில் கிரீமை நாக்கில் வைத்துவிட்டுத் துப்ப ஆரம்பித்தார். அதை முதலாளி பார்த்துத் தொலைத்தார். மாஸ்டரே துப்பினால் கிரீம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, இவர் வாய் கொப்பளித்துத் திரும்புவதற்குள் வாளியோடு கொட்டிவிட்டார். விஷயம் தெரிந்ததும் ருசி பார்க்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். இப்போது அவர் தொப்பை வளர்கிறது. அது அவர் மனைவி பாடு.

அண்ணியோ நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தார். எனக்கு அவரை நினைத்தும் பயம், இவர் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்களே என்றும் பயம். வெளியே சொல்லவில்லை. மறு ஸ்கேன் அன்று நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா படத்தைப் பார்த்து, "எடுக்கலாம்" என்றார். நான் அழுதுவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எழுந்து நடக்க விட்டதும் இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனார். அண்ணியின் கண்ணில் மஞ்சள் குறைந்திருந்தது.

"வெட்டினது எனக்கு மறுபடி வளந்துருமாம்க்கா. இனிமே கிரீமை ஒரு கை பாக்கலாம்," என்றார் விளையாட்டாக.

அண்ணி சிரிக்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா குடுக்கறதுக்கு என்கிட்ட என்னடா இருக்கு? இருக்கறதே உன்னோடதுதான்."

 அன்றைக்கு இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்னொரு சுற்று நடந்துவிட்டுத்தான் வந்து படுத்தார்.