வெறுங்காற்றில் பற்றிய தீ

தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்த யசோதா, குமரியானபின்தான் மன்னார் மண்ணை மிதித்தாள். கலியாணமாகிப் பாப்பாமோட்டையில் குடியிருந்தபோது, ஊருக்குப் பக்கத்தில் ஒரு பரிசோதனை ஆலை வந்தது. அங்கே கரிப்பொடியை அரிதட்டில் அரிக்கும் வேலைக்குப் போனாள்.

பனங்கொட்டைக் கரியை நீராவியில் சுட்டு, கண்மையிலும் மெல்லிய பொடியாக்குவார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் இருக்குமாம். காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் ஐதரசன் என்ற எரிவாயுவை அவை குளிரில் பிடித்து வைத்திருக்கும், சூடேறினால் விட்டுவிடும். அதனால் பொடி அடைத்த இரும்பு உருளைத் தாங்கிகளைச் சுற்றி எந்நேரமும் குளிரூட்டி ஓடியது.

குளித்த பிறகும் அவளுடைய தலையணையில் கறுப்புப் படிந்தது. கணவன் சுபாஸ், "உந்த வேலைய விட்டிடு. எனக்கு மனம் சரியில்லை" என்றான். அவளுக்கோ தாங்கிகளில்தான் பயம். வாயு கசிந்தால் கத்தும் அலாரம் சும்மா சும்மா கத்துகிறதென்று ஆலையை நடத்தும் முகாமையாளர் அதை நிறுத்தி வைத்திருந்தார்.

சித்திரை மாத மத்தியானம் ஒன்றில் காற்று விழுந்தது. மின்சாரம் போய்க் குளிரூட்டியும் நின்றது. வெயிலில் தாங்கிகள் கொதித்தன. மெல்லிய சீழ்க்கைச் சத்தம் கேட்டு, ஒரு தாங்கியருகே போய்க் காது கொடுத்த யசோதா, இஞ்சினியர் சுகந்தனிடம் ஓடினாள்.

"சேர், கடைசித் தாங்கி விசிலடிக்குது. ஆனா ஒண்டும் தெரியேல்லை."

"ஐதரசன் நெருப்புப் பகல்ல தெரியாது அக்கா. எனக்குப் பின்னால நில்லுங்கோ."

புகையில்லை, மணமுமில்லை. சுகந்தன் தரை கூட்டும் தும்புத்தடியை முன்னால் நீட்டியபடி அடிமேல் அடிவைத்துப் போனான். திடீரென்று வெறுங்காற்றில் தும்பு பற்றி எரிந்தது. சற்றுமுன் அவள் நின்று காது கொடுத்த இடத்துக்கு ஒரு முழந்தான் தள்ளி.

"எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஓடுங்கோ! நான் வால்வைப் பூட்டிப்போட்டு வாறன்."

அரிக்கும் கொட்டகையிலிருந்த பெண்களை யசோதா கையைப் பிடித்து இழுத்து றோட்டுக்குக் கொண்டுவந்தாள். கடைசிப் பெண் வாசலைத் தாண்டியதும் கொட்டகையில் கிடந்த கரிப்பொடியில் தீ தாவி வெடித்தது. கூரைத் தகடுகள் பனைகளுக்கு மேலே பறந்தன. வெடிப்பில் சிக்கிய சுகந்தன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அடங்கிப்போனான்.

விசாரணையில் முகாமையாளர், "அந்த இஞ்சினியர்ப் பொடியன் அவசரப்பட்டிட்டான்" என்றார். யசோதா எழும்பினாள். "அலாரத்தை நிப்பாட்டினது நீங்கள். அவர் எங்களைக் காப்பாத்தினவர்" என்றாள். சுகந்தனின் தாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகாமையாளரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான்.

ஆடியில் ஆலை திரும்பத் திறந்தது. பள்ளிமுனை ஊர்ப் பெண்பிள்ளைகள் புதிதாக வேலைக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். யசோதா வாசலில் நின்று ஒவ்வொருத்தியையும் மறித்து நடந்ததைச் சொன்னாள். ஒருத்தி மட்டும் திரும்பிப் போனாள். மற்றவர்கள், "நேரம் போகுது அக்கா" என்று அவளை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்கள்.