சீனத் துணிக்காரரின் பேத்தி

ஒஸ்லோவில் ஆடை வடிவமைப்புப் படித்த கடைசி வருடம், பரீட்சைக்காக ஐந்து மேலங்கிகள் தைத்தேன். நிமிர்ந்த காலர், பக்கவாட்டில் துணி முடிச்சுப் பொத்தான்கள். அப்பாவின் அப்பா சீனர். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் சைக்கிளில் துணி விற்க வந்தவர், ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டி அங்கேயே இருந்து செத்துப்போனார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பரீட்சைக்கு ஆறு நாள் இருக்க, ஆசிரியை கூப்பிட்டார். தமிழ்ப் பிள்ளைக்குச் சீன உடையில் என்ன உரிமை என்று நடுவர்கள் கேட்பார்கள், ஒரு படமோ கடிதமோ கொண்டு வா என்றார். சேலையை வைத்துச் செய்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லையாம்.

ஒஸ்லோவின் ஓரத்தில், ஸ்டோவ்னரில் இருந்த எங்கள் வீட்டு அலமாரிகளையெல்லாம் கவிழ்த்துத் தேடினேன். இடம்பெயர்ந்தபோது எல்லாம் போய்விட்டது என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். கொழும்பிலிருக்கும் மாமிக்கு, அப்பாவின் சகோதரிக்கு, தொலைபேசி எடுத்தேன். தகப்பனின் சீனப் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை.

அப்பா மட்டும் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். ஊர்ப் பெயராவது தாருங்கோ என்று கெஞ்சினேன். அவர் தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"பள்ளிக்கூடத்திலை என்னைச் சீனன் எண்டுதான் கூப்பிடுவாங்கள். ஒருநாள் என்ரை அப்பா துணி மூட்டையோடை பள்ளிக்கூட வாசல் படலையடியிலை வந்து நிண்டவர். ஆரடா எண்டு கேட்டாங்கள். துணி விக்கிற ஆள், எனக்குத் தெரியாது எண்டனான். அவருக்குக் கேட்டது. அதுக்குப் பிறகு நான் அவரிட்டை ஒண்டும் கேக்கேல்லை. எந்த முகத்தோடை கேக்கிறது?"

இதை வந்து நடுவர்களிடம் சொல்லுவீங்களோ என்று கேட்டேன். மாட்டேன் என்று தலையாட்டினார்.

தனியாகப் போய் நானே சொன்னேன். படம் இல்லை, கடிதம் இல்லை, பெயரும் இல்லை என்றேன். 'சீனன்' என்பதில் இருந்த கேலியை நோர்வீஜிய மொழியில் கொண்டுவர முடியவில்லை. நடுவர்கள் மூவரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர் மேலங்கியின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து, தையல் நன்றாக இருக்கிறது என்றார். பரீட்சையில் தேர்ச்சி தந்தார்கள். ஆண்டிறுதிக் காட்சிக்கு என் உடைகளை எடுக்கவில்லை. அவற்றின் பூர்வீகம் தெளிவாக இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

ஐந்து மேலங்கிகளையும் மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். குசினியில் அப்பா, என்ன சொன்னவை என்று கேட்டார். நம்பேல்லை என்றேன். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை மூடினார்.

"நான் வந்திருக்கோணும்."

ஓம் என்றேன்.